எட்டு மணி நேரம்

முசிறி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து திருச்சி ரோட்டைப் பிடிப்பதற்குள் பெரியண்ணன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியை மூன்று தடவை பார்த்துவிட்டார். மூன்று தடவையும் பாப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அது போதும், மற்றதைத் திருச்சி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார், ஆனால் அந்த மற்றது அவருக்கு முன்னாலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, டிக்கெட்டும் எடுக்காது, இறங்கவும் இறங்காது. ஏழு பத்து வண்டி. இடது பக்கம் முதல் சீட்டில், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலையும் அதன் மேல் உயிரியல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி வருகிறாள் பவதாரணி, வீட்டில் பாப்பா, பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு, நீட் தேர்வுக்கு இன்னும் எழுபத்தொரு நாள். அந்த எழுபத்தொன்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், காலண்டரில் நாளைக் கிழிப்பது அவர் வேலை. பாப்பாவுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துவிட்டார், பின்னால் பாதி பஸ் தலை சாய்ந்துவிட்டது, மாசி மாதத்துக் காலைக் காற்றுக்கும் இந்த ஆற்றோர ரோட்டுக்கும் யாராக இருந்தாலும் கண் சொருகும். பாப்பாவுக்குச் சொருகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நம்ம பிள்ளை என்று நினைத்தார், வழக்கமாக அப்படி நினைத்ததும் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும், இன்றைக்கு அது வரவில்லை. மூன்றாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றினார், பல் சரியாக விழாமல் ஒரு முறை உறுமியது.

விழித்திருப்பது என்பது அவர் குடும்பச் சொத்து, அப்படித்தான் அவர் சொல்வார். அரசு வண்டிக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர், நாக்பூருக்கு முட்டை, திரும்பி வரும்போது ஆரஞ்சு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு பகல் இரண்டு இரவு. அந்தக் காலத்தில் கற்ற வித்தைகளைப் போன ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள், காரம் இறங்க இறங்கத் தூக்கம் இறங்காது. காதுக்கு மேலே இருக்கிற முடியைப் பிடித்து மேல்பக்கமாக இழு. தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தொட்டு வை, கண்ணுக்குள் போகாமல். எல்லாவற்றுக்கும் மேலே, காலைத் தண்ணீரில் வை. லாரியில் ஈரத் துணியைச் சுற்றிக்கொள்வோம், வீட்டில் பேசின் இருக்கிறது. மேஜைக்கு அடியில் நீல பேசினை அவரே வைத்தார், தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் மாற்ற வேண்டும் என்பதற்காக ஒரு குடத்தையும் பக்கத்தில் வைத்தார். மனைவி மலர்க்கொடி மட்டும் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "லாரியா ஓட்டப் போறா, விடுங்க, வயசுப் பிள்ளை தூங்கட்டும்" என்றாள். அவர் பதிலுக்கு என்ன சொன்னார் என்பதை இப்போது நினைக்க வேண்டாம், முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது. ஆனால் நினைப்பு அதைத் தாண்டிப் போகவில்லை, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே ஊர்ந்தது. நீ பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள், உன் மகளும் அதே கரண்டியைப் பிடிக்க வேண்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு மலர்க்கொடி தூக்கத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. நாலு மணிக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுப்பதோடு சரி.

பன்னிரண்டரைக்குப் படுப்பாள், நாலு மணிக்கு எழுவாள். மூன்றரை மணி நேரம். கணக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் விரல் மடக்க ஒன்றும் இல்லை. முதலில் கால்தான் புண்ணானது, விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துத் தோல் உரிந்தது, மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுப் பேசினில் கால் வைப்பதை நிறுத்தினாள். அப்புறம் ஐப்பசியில் காய்ச்சல், கார்த்திகையில் காய்ச்சல், மார்கழியில் மறுபடியும், ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அது நேராக அவர் வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டு வந்தது. முகம் உப்பிப் போனது, பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளை சதை போட்டிருக்கு, படிக்கிற பிள்ளைக்கு நல்லாப் போடறீங்க போல என்றார்கள், அவருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, கடவுளே. நடுச்சாமத்தில் எதையாவது மென்றால்தான் கண் திறக்கிறது என்று மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. நாலு மாதமாகத் தீட்டு வரவில்லை என்பதை மலர்க்கொடி அவரிடம் நேராகச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். தை மாதம் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்று. அவர் போய்க் கூட்டிக்கொண்டு வரும்போது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நாடி தாறுமாறாக ஓடியது, உள்ளே யாரோ தெரியாத ஆள் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி. ஆமூரில் நாலு பேர் இறங்கினார்கள், ஏழு பேர் ஏறினார்கள், விசில் வந்தது, வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு திருச்சி ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த டாக்டரம்மா நல்லவர்தான். சத்தம் போடவில்லை, பயமுறுத்தவில்லை, கையில் பட்டையைக் கட்டி இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பதினேழு வயசுல பிரஷர் நூத்தி நாப்பது இருக்கக் கூடாதுங்க" என்றார். சர்க்கரையும் கோட்டுக்கு மேலே ஒரு கால் வைத்திருக்கிறது என்றார். அப்புறம் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "பிள்ளை ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குது?" என்று கேட்டார். எட்டு மணி நேரம் என்று சொன்னார் பெரியண்ணன். யோசித்துச் சொல்லவில்லை, பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை டிப்போவில் டிரைவர்களுக்கு உடம்பு சோதனை நடக்கும், கண், காது, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்த டாக்டர் இதே மாதிரி தலையைத் தூக்காமல் இதே கேள்வியைக் கேட்பார், தூக்கம் எத்தனை மணி நேரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வரிசையில் நிற்கும்போதே மூத்த டிரைவர் ஒருத்தர் காதில் சொல்லிவிட்டார், "எட்டுன்னு சொல்லு தம்பி. ஏழுன்னாக்கூட ஏன்னு கேப்பாரு. ஆறுன்னா வண்டியை விட்டு இறக்கிருவாங்க." இருபது வருஷமாக அந்த டிப்போவில் நூற்றைம்பது டிரைவர்களும் எட்டு மணி நேரம்தான் தூங்குகிறார்கள், தாளில். அந்தக் கேள்வி வந்தால் அந்தப் பதில் வாயில் தானாக வந்து விழும், வேகத்தடை மேட்டைக் கண்டால் கால் தானாகப் பிரேக்கில் விழுகிற மாதிரி. விழுந்துவிட்டது. பாப்பா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா எட்டு என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "தூக்கம் குறைஞ்சா இந்த வயசுல உடம்பு இப்படித்தான் திருப்பி அடிக்கும். வளர்றது, ரிப்பேர் பாத்துக்கறது எல்லாம் தூங்கும்போதுதான். அதான் கேட்டேன். அது சரியா இருக்குன்னா வேற எங்கயோ இருக்குது." அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். இல்லைங்க டாக்டர், வாய் தவறிப்போச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம். ஆனால் அப்புறம் எதற்கு எட்டு என்றீர்கள் என்று கேட்பார், பிள்ளையைத் தூங்க விடாமல் என்ன செய்தீர்கள் என்று கேட்பார், பேசின் வரைக்கும் போகும். வட்டம் போட்ட எட்டு அப்படியே ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா கிட்னிக்குப் போய்விட்டார். கிட்னிக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம், அதனால்கூட இந்தப் பிரஷர் வரலாம், ஊசியில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும், சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அதனால் சம்மதக் கையெழுத்து வேண்டும், அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்க்கலாம். இன்றைக்கு ஒன்பதரைக்கு அந்த ஸ்கேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறார், கேட்டால்தானே கிடைப்பதற்கு. மலர்க்கொடியின் தங்கை திருச்சி சத்திரம் ஸ்டாண்டுக்கு வந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, கேட்டால் ஃபைலைப் பார்த்து எட்டு என்றுதான் சொல்வாள். சம்மதத் தாளில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது, கோணாமல் மாணாமல் டிரிப் ஷீட்டில் போடுகிற அதே கையெழுத்து. ஒன்றுமே இல்லாத கிட்னிக்குள் மருந்தை ஏற்றப் போகிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒத்துக்கொள்ளும், ஆயிரம் பேருக்கு எடுக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால்? குணசீலம் வந்தது, கோவில் பக்கம் திரும்பி இடது கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார், பெருமாளே என்பதற்கு மேல் கேட்பதற்கு வாய் வரவில்லை, என்னவென்று கேட்பது, நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கு என்றா.

கண்டக்டர் இருதயராஜ் முன்பக்கம் வந்து கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு பையைச் சரிசெய்தார். பதினேழு வருஷமாக இதே தடத்தில் சேர்ந்து ஓடுகிறவர்கள், பாப்பாவைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். "என்ன பாப்பா, நீ டாக்டரானதும் எங்களுக்கெல்லாம் ஊசி இலவசம்தான?" என்றார். பாப்பா பதில் சொல்லவில்லை. "பாப்பா, உன்னையத்தான்." ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருதயராஜ் சிரித்துக்கொண்டார். "படிப்புல இருக்கு. மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருக்கும். நம்ம பிள்ளைகளும் இருக்குதே, டிரைவர்." ஆமாம் என்றார் பெரியண்ணன். ஆமாம் என்று சொன்ன பிறகு அந்த வார்த்தை கொஞ்ச நேரம் வாயிலேயே நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். வாத்தலை தாண்டி ரோடு நேர் கிழக்கே திரும்புகிற இடம், முன் கண்ணாடி முழுக்க வெயில் வந்து கொட்டியது, அவர் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார், இருதயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வாயைப் பிளந்து தூங்கிய ஆள்கூடத் தூக்கத்திலேயே முகம் சுளித்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயில் நேராகப் பாப்பாவின் கண்ணில் அடித்தது. பாப்பா கண்ணைச் சுருக்கவில்லை. இமைக்கவில்லை. அந்தக் கண்ணை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

லாரிக் காலத்தில் ஒரு நாள், அதிலாபாத் தாண்டி, மத்தியானம் மூன்று மணி, முத்துவேல் ஓட்டிக்கொண்டிருந்தார், இவர் பக்கத்து சீட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முத்துவேல்தான் கிராம்பையும் ஈரத் துணியையும் இவருக்குக் கற்றுக்கொடுத்தவர், தூக்கத்தை ஜெயித்த ஆள் என்று லாரி ஷெட்டில் பெயர். வெற்றிலையை நீட்டி, "அண்ணே, இந்தாங்க" என்றார். முத்துவேல் வாங்கவில்லை. முகத்துக்கு நேரே வெயில், கண் அகலத் திறந்திருக்கிறது, கை ஸ்டியரிங்கில் அழகாக இருக்கிறது, கன்னத்தில் கிராம்பு புடைத்துக்கொண்டிருக்கிறது. "அண்ணே." ரோடு லேசாக வலது பக்கம் வளைந்தது, வண்டி வளையவில்லை, அவ்வளவு மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தைப் பார்த்துப் போனது. இவருக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும். முத்துவேலைக் கதவை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள், அப்போதும் கண் திறந்துதான் இருந்தது. தூக்கத்தை யாரும் ஜெயிப்பதில்லை, அது முன்வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிடும் என்று அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டவர்தான் அவர், தெரிந்துகொண்டுதான் லாரியையே விட்டார். லாரியை விட்டவர் கிராம்பை ஏன் விடவில்லை? அதை எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, பொக்கிஷம் மாதிரிப் பொத்தி வைத்திருந்து, பெற்ற பிள்ளையின் கன்னத்துக்குள் வைத்தார்?

வண்டியை நிறுத்த முடியாது. பின்னால் அறுபது பேர், ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் போகிறவர்கள், இந்த இடத்தில் ஸ்டாப் கிடையாது. நிறுத்தி என்ன சொல்வது, என் பிள்ளை தூங்குகிறாள் என்றா. ஆரனை அழுத்தினார், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை, நீளமாக அழுத்தினார், துண்டுக்காரர் விழித்துத் திட்டினார், பாப்பா அசையவில்லை. அப்போதுதான் சைக்கிள் ஞாபகம் வந்தது. நாலே முக்காலுக்கு டியூஷன், இருட்டில் சைக்கிளில் பைபாஸைக் குறுக்கே கடந்து போகிறாள், எட்டு மாதமாக, மணல் லாரி போகிற ரோடு, அதை ஓட்டுகிறவனும் இரண்டு நாளாகக் கிராம்பு மெல்லுகிறவனாகத்தான் இருப்பான். பதினைந்து நாளைக்கு முன்னால் சைக்கிளின் ஹேண்டில்பார் வளைந்து வந்தது. "நாய் குறுக்க வந்துருச்சுப்பா" என்றாள். அவரே உட்கார்ந்து அதை நிமிர்த்திக் கொடுத்தார், அடுத்த நாள் காலையில் போக வேண்டுமே என்று அன்றைக்கே நிமிர்த்திக் கொடுத்தார். நாய் இல்லை. நாயே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு, இருட்டுக்குள், மகள் எங்கே போய்க்கொண்டிருந்தாளோ. மகளோடு சேர்ந்து நாலு மணிக்கு எழுகிறவர்தானே அவரும், எட்டு மாதமாக அவருக்கும் தூக்கம் ஐந்தைத் தாண்டியதில்லை, இப்போது இந்த வெயிலில் ரோடு வெள்ளையாகத் தெரிகிறது, நொச்சியம் எப்போது போனது? நொச்சியத்தில் நிறுத்தினோமா? ஆட்களை இறக்கினோமா? விசில் வந்ததா? ஞாபகம் இல்லை. கை ஸ்டியரிங்கில் அழகாக இருந்தது. காதுக்கு மேலே முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார், இழுத்த கையைப் பார்த்துவிட்டுச் சுட்டது போல எடுத்துவிட்டார். டோல்கேட், பாலம், காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது, மலைக்கோட்டை தெரிந்தது, தினமும் தெரிகிற இடத்தில்தான் தெரிந்தது. முதல் தடவையாக வண்டியை முப்பதுக்கு மேல் விடாமல், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஆரனால் ஏசிவிட்டுப் போக, சத்திரம் ஸ்டாண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

எல்லாரும் இறங்கினார்கள். துண்டுக்காரர் பாப்பாவின் முழங்காலைத் தாண்டிக்கொண்டு இறங்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு அவர் எழுந்து போய் அவள் சீட்டுக்கு முன்னால் நின்றார், அவருடைய நிழல் முகத்தில் விழுந்தும் அவள் அவரைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா" என்று தோளைத் தொட்டார். உடம்பு முழுக்க ஒரு தடவை தூக்கிப் போட்டது. "தூங்கலப்பா" என்றாள் உடனே, "தூங்கலப்பா, பாடந்தான் ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன்." மணி எட்டு இருபது. உதட்டோரம் எச்சில் காய்ந்திருந்தது, மணிக்கட்டைப் பிடித்தார், உள்ளே அந்த ஆள் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். படிக்கட்டுக்குக் கீழேயிருந்து இருதயராஜ், "டிரைவர், டீ சொல்லவா? எட்டு முப்பத்தஞ்சுக்கு எடுக்கணும்" என்றார். "நான் எடுக்கல இருதயம்" என்றார் பெரியண்ணன். "டைம் கீப்பர்கிட்டச் சொல்லிடு. தூக்கமா இருக்கு, ஓட்ட முடியாதுங்கறாருன்னு சொல்லு." இருதயராஜ் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்படிச் சொன்னா ரிப்போர்ட் எழுதிருவாங்க டிரைவர். உடம்புக்கு முடியலன்னு சொல்லட்டுமா?" "இல்ல. தூக்கம்னே சொல்லு." இருபது வருஷத்தில் அந்த ஸ்டாண்டில் எந்த டிரைவரும் சொல்லாத வார்த்தை அது, சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, பூக்காரி பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்பா" என்றாள், நாக்கு கொஞ்சம் தடித்து வந்தது, "சித்தி கூட நிக்கும்போது கேட்டாங்கன்னா, இன்னிக்கும் எட்டுன்னுதான சொல்லணும்?" அவளுடைய குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, கேள்வித்தாளில் ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "இல்ல சாமி. சொல்லக் கூடாது. நான் வரேன், நானே சொல்றேன். மூணரைன்னு சொல்றேன். பேசின் வச்சது, எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்த ஊசி வேணாம். நாளையிலேர்ந்து நாலு மணிக்கு உன்னைய யாரும் எழுப்ப மாட்டாங்க, டியூஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம், நீ தூங்கு. அப்பா தப்புப் பண்ணிட்டேன். கேக்குதா?" எட்டு மாதத்தில் அவளிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை. பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தார். வெளியே ஏதோ வண்டி ஆரன் அடித்துக்கொண்டு போனது. "பாப்பா, கேட்டுச்சா அப்பா சொன்னது?" பாப்பா அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.